பொழுது சாய்வதற்குள் ஓர் உருண்டை

ஆகஸ்ட் 2, 1964. ஞாயிறு

மாதா கோயிலில் பூசை முடிந்து கடைத்தெரு வழியாக வந்தேன். இன்று பிரசங்கம் நீளம், பசி காதை அடைத்தது. சோப்பு வாங்க நின்றபோது முதுகுக்குப் பின்னால் ஒரு குரல்: "ஏய் கருவாடு!"

முப்பது வயது நர்சை நடுத்தெருவில் இப்படிக் கூப்பிட யாருக்குத் தைரியம் என்று கோபத்தோடு திரும்பினேன். நீலாஞ்சனா! வாயும் வயிறுமாக நிற்கிறாள்.

பள்ளிக்கூடத்தில் எங்கள் இருவருக்கும் ஒரே பெஞ்சு. அவள் மேல்சித்தாமூர் சமணக் குடும்பம். வெங்காயம், பூண்டு, கிழங்கு எதுவும் தொடமாட்டாள். நான் வேதக்காரப் பெண். என் தூக்குச்சட்டியைத் திறந்தால் வகுப்பு முழுக்கக் கருவாடு மணக்கும். மூக்கைப் பொத்திக்கொண்டு தள்ளி உட்கார்ந்து சாப்பிடுவாள். நான் கை கழுவி வந்ததும் ஒட்டிக்கொள்வாள். சித்திரையில் மாற்றலாகி வந்தேனே தவிர, அவள் வாழ்க்கைப்பட்டதும் இதே செஞ்சிக் கடைத்தெரு என்று எனக்குத் தெரியாது. புருஷன் விருஷபதாஸ் மணிலாக்கொட்டை மண்டி வைத்திருக்கிறாராம்.

ஆள் பாதியாக இருக்கிறாள். பேசும்போதே கண் சொருகுகிறது. கண்பாவை கடுகளவு சுருங்கியிருந்தது. வெயில் என்று நினைத்தேன்.

"மொதல்ல ஒரு பையன்டி. ஒரு வாரங்கூட இல்ல. கத்திக் கத்தியே போயிட்டான். இது நிக்கணும் ஞானம். இதுவும் போச்சின்னா நான் இருக்க மாட்டேன்."

"என் ஆஸ்பத்திரிக்கு வந்துடு, நான் பாத்துக்கறேன்" என்றேன். என்னமோ ஆஸ்பத்திரியை நானே கட்டியது போல.

ஆகஸ்ட் 5

நீலாவைப் பார்த்ததிலிருந்து பழசெல்லாம் வருகிறது. கோட்டைக்கு வகுப்போடு போன நாள். கல்யாண மகாலில் யார் முதலில் உச்சி மாடிக்கு ஏறுவது என்று பந்தயம். அவள் பாவாடையைத் தூக்கிச் செருகிக்கொண்டு ஓடினாள். நான் மூச்சு வாங்கிப் பாதியில் உட்கார்ந்துவிட்டேன். மேலே போய் ஜெயித்ததைச் சொல்ல ஆள் இல்லாமல் திரும்ப இறங்கி வந்து என் பக்கத்திலேயே உட்கார்ந்தாள். அவள் மாதிரி ஒருத்தி அதற்கப்புறம் எனக்குக் கிடைக்கவில்லை. வேலூரில் படிக்கும்போதும் இல்லை, வேலை பார்த்த ஊர்களிலும் இல்லை.

ஆகஸ்ட் 11. செவ்வாய்

பெண் குழந்தை! சுகப்பிரசவம். எடை குறைச்சல்தான். பிறந்ததும் கொஞ்சம் மந்தமாக இருந்தாள். ஈரத்துணியால் தேய்த்துவிட்ட பிறகு அழுதாள்.

மாமியார் தர்மவதி அம்மாள் வாசலிலேயே நின்றிருந்தார். "பொண்ணா இருந்தா இன்னா நர்சம்மா, உசுரோட இருந்தா போதும்." ஆள் கண்டிப்பு. ஆஸ்பத்திரிச் சாப்பாடு கூடாது, வீட்டிலிருந்துதான் வரும். அதுவும் பொழுது சாய்வதற்குள் நீலா சாப்பிட்டாக வேண்டும். விளக்கு வைத்துவிட்டால் மறுநாள் காலை வரை வாயில் ஒன்றும் படாது. பிள்ளை பெற்ற உடம்புக்காவது விட்டுக் கொடுக்கக் கூடாதா என்று கேட்டேன். நீலாதான் என்னை முறைத்தாள்.

ஆகஸ்ட் 13

குழந்தை விடாமல் தும்முகிறது. வார்டு ஆயா தைலம்மாள் ஒவ்வொரு தும்மலுக்கும் "நூறு", "எரநூறு" என்று ஆயுசு சொல்லிக்கொண்டே வந்தாள். ஆயிரத்தைத் தாண்டியதும் நிறுத்திவிட்டு என்னைப் பார்த்தாள். "இன்னா சிஸ்டர் இது? ஒரு கொழந்த இவ்ளோ தும்முமா?"

தும்மல் மட்டும் இல்லை. கொட்டாவி, வியர்வை, தண்ணீராகப் போகிறது. அழுகை கீச்சென்று காதைக் கிழிக்கிறது. பசியில் முஷ்டியைக் கடித்துத் தின்பது போலச் சூப்புகிறாள். மார்பில் விட்டால் பிடிக்கத் தெரியாமல் தலையை ஆட்டி ஆட்டிக் களைத்துப் போகிறாள். கைகால் நடுக்கம். நடுங்குகிற கையை நான் பிடித்தால் நின்றுவிடுகிறது. அதனால் வலிப்பு இல்லை. அதுவரைக்கும் நல்லது.

டாக்டர் சுந்தரமூர்த்தி வந்து பார்த்தார். தாடையை அழுத்தினார், தொப்புளைப் பார்த்தார், உச்சிக்குழியைத் தடவினார். "வாய் பூட்டல. தொப்புள் சுத்தமா இருக்கு. ஜன்னி இல்ல சிஸ்டர்." கால்சியம் ஊசி போட்டார். ஒரு மாற்றமும் இல்லை.

நீலா என்னிடம் மெல்லக் கேட்டாள்: "அவனும் இப்டித்தான்டி கத்தினான். இதுவும் போயிடுமா?"

போகாது என்றேன். எதை நம்பிச் சொன்னேன்?

ஆகஸ்ட் 14. வெள்ளி

தூங்குவதற்கு முன் எழுதிவிடுகிறேன்.

ஒரு விஷயம் எனக்குப் பிடிபடாமல் இருந்தது. காலையில் குழந்தை பார்க்கச் சகிக்காது. மதியம் அதைவிட மோசம். விளக்கு வைத்த பிறகு நாலு சொட்டுப் பாலைப் பீய்ச்சிப் புகட்டினால் மட்டும் அடங்கித் தூங்குகிறாள். சாயங்காலத்தில் அப்படி என்ன இருக்கிறது? காற்றா? வெளிச்சம் குறைவதா? இன்று சாயங்காலம் வேறு வேலை எல்லாவற்றையும் தைலம்மாளிடம் தள்ளிவிட்டு அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

நீலா சாப்பிட்டு முடித்தாள். மாமியார் பாத்திரம் கழுவக் குழாயடிக்குப் போனார். ராஜகிரி மலைப் பக்கம் சூரியன் இறங்கிக்கொண்டிருந்தது. நீலா அவசரமாக இடுப்புச் சுருக்குப்பையிலிருந்து மிளகை விடப் பெரிதாக ஒரு கறுப்பு உருண்டையை எடுத்தாள்.

"இன்னாடி அது?"

"வயித்து வலிக்கிடி. தெனம் ஒண்ணு போடுவேன். பொழுதுக்குள்ள போடணும்."

கையிலிருந்து பிடுங்கி முகர்ந்தேன். அந்தக் கசப்பு நெடி. எங்கள் மருந்து அலமாரியில் பூட்டி வைத்திருக்கிறோமே, அதே நெடி. அபின்!

கல்யாணமான மறுவருஷம் வயிற்று வலி வந்ததாம். சந்தையில் பெட்டி வைத்து மருந்து விற்ற ஒருவன் கொடுத்தானாம். முதலில் வலிக்காகப் போட்டாள், அப்புறம் போடாவிட்டால் வலித்ததாம். "இது அபின்டி பாவி. உள்ள இருக்கும்போதே உன் ரத்தத்துல குடிச்சிப் பழகிடிச்சி. இப்ப பால்ல தேடுது" என்று கத்திவிட்டேன். நர்ஸ் பேசுகிற பேச்சா அது?

அவள் அழவில்லை. ஒன்றுதான் கேட்டாள். "அப்ப அவன்? மொதல்ல பொறந்தவன்?"

நான் குழந்தையின் துணியைச் சரிசெய்தேன். தெரியாது என்றாவது சொல்லியிருக்கலாம்.

பிறகு, வீட்டில் யாருக்கும் தெரியக் கூடாது என்று கையைப் பிடித்துக்கொண்டாள். தெரிந்தால் குழந்தையை வைத்துக்கொண்டு அவளைத் தாய்வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களாம். சத்தியம் செய்தேன். பையில் இருந்ததையெல்லாம் அவளே சாக்கடையில் கொட்டினாள். எனக்குப் பெருமையாக இருந்தது. டாக்டர் வெளியூரில் இருக்கிறார், காலையில் சொல்ல வேண்டும்.

ஆகஸ்ட் 15

சுதந்திர தினம். தாலுகா ஆபீசில் கொடி ஏற்றினார்களாம். நான் எங்கே பார்த்தேன்!

நேற்றுச் சாயங்காலம் குழந்தை அடங்கவே இல்லை. இன்று அதைவிட மோசம். நீலா சுருண்டு கிடந்தாள். வியர்வை, கொட்டாவி, மயிர்க்கூச்சம், மூக்கில் தண்ணீர். அம்மாவும் பெண்ணும் ஒரே மாதிரி தும்முகிறார்கள். இன்று அஷ்டமி. விடியற்காலையிலேயே உபவாசம் இருந்து, ஆயுசுக்கும் அதைத் தொடுவதில்லை என்று பார்சுவநாதர் மேல் விரதம் எடுத்துவிட்டாளாம்.

டாக்டர் கொடியேற்றம் முடிந்து மதியத்துக்கு மேல்தான் வந்தார். சொன்னேன். நிறுத்திவிட்டாள் என்றும் பெருமையாகச் சொன்னேன். மனுஷர் நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டார்.

"நிறுத்திட்டாங்களா? ஐயோ சிஸ்டர்! பால்ல கொஞ்சம் கொஞ்சம் வந்ததாலதான் இது வரைக்கும் தாங்கியிருக்கு. அசாம்ல தோட்டத்து ஆஸ்பத்திரியில இப்படிப் பிள்ளைங்களப் பார்த்திருக்கேன். திடீர்னு நிறுத்தினா வலிப்பு வரும். படிப்படியாத்தான் இறக்கணும், ரெண்டு பேருக்கும்."

அவர் சொல்லி வாய் மூடவில்லை, தைலம்மாள் ஓடி வந்தாள். இந்த முறை நான் கையைப் பிடித்தேன். நடுக்கம் நிற்கவில்லை. வலிப்பு! கண் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. டாக்டர் ஊசி போட்டு அடக்கினார். இன்னொன்று வந்தால் தாங்காது என்றார்.

நீலாவுக்கு மருந்து கொடுத்தாக வேண்டும். அபின் டிங்சர் இருக்கிறது, ஆனால் அது சாராயத்தில் கரைத்தது. "செத்தாலும் அது வேணாம்" என்றாள். சரி, பவுடர். கம்பவுண்டர் வழக்கம்போலத் தேனில் குழைக்கப் போனார். தேனும் அவர்களுக்கு ஆகாது. ஓடிப்போய்த் தடுத்து, சர்க்கரையில் கலக்கச் சொன்னேன். இத்தனையும் ஆவதற்குள் வெயில் சுவரை விட்டு இறங்கிக்கொண்டிருந்தது.

பொட்டலத்தை நீட்டினேன். வாயை இறுக மூடிக்கொண்டாள். "விரதம்டி. கொழந்தைக்காக எடுத்தது. நான் செஞ்ச பாவத்துக்கு நான்தான் நோவணும்."

எனக்கு எங்கிருந்து அந்தப் பேச்சு வந்ததோ தெரியவில்லை. "நீ நோவுடி, நல்லா நோவு. ஆனா விரதம் எடுத்தது நீ. அவ எடுத்தாளா? உன் விரதத்துக்கு அவ ஏன் நோவணும்? ஒரு எறும்ப மிதிக்கமாட்ட நீ. பெத்த பொண்ணக் கொல்றது மட்டும் எந்தக் கணக்குடி?"

அவள் பொட்டலத்தை வாங்கினாள். ஜன்னலைப் பார்த்தாள். பார்த்ததும் முகம் செத்துப்போய்விட்டது. ராஜகிரிக்குப் பின்னால் சூரியன் போய்விட்டது. வானம் மட்டும்தான் சிவந்திருந்தது.

வாசலில் தர்மவதி அம்மாள் நிற்பதை அப்போதுதான் கவனித்தோம். எப்போதிலிருந்து நின்றாரோ, எதையெல்லாம் கேட்டாரோ. உள்ளே வந்தார், ஜன்னல் கதவைச் சாத்தினார், சொம்பில் தண்ணீர் எடுத்து நீட்டினார்.

"இன்னும் பொழுது இருக்குது. நான் பாத்துட்டுதான் வர்றேன். போட்டுக்க."

நீலா போட்டுக்கொண்டாள். என்ன மருந்து என்று அந்த அம்மாள் கேட்கவில்லை.

ஆகஸ்ட் 16

மறுபடி வலிப்பு வரவில்லை. ஆண்டவரே, பூசைக்குப் போக முடியவில்லை, மன்னியும்.

ஆகஸ்ட் 19

மூலை அறையை ஒழித்து, ஜன்னலுக்குப் புடவை கட்டி இருட்டாக்கிவிட்டோம். சத்தம் கூடாது. தைலம்மாள் மெல்லப் பேசக் கற்றுக்கொண்டது இந்த வருஷத்து அதிசயம். குழந்தையைக் கைகால் உதறாதபடி துணியில் இறுக்கிச் சுற்றி நெஞ்சோடு சாய்த்துப் பிடிக்க வேண்டும். தட்டக் கூடாது, ஆட்டக் கூடாது. பாலைப் பீய்ச்சி, பாலாடைச் சங்கில் கொஞ்சம் கொஞ்சமாக, அடிக்கடி புகட்டுகிறோம். குழந்தைக்கு என்று டாக்டர் கொடுத்த தூக்கப் பவுடரையும் அதிலேயே கரைக்கிறோம். துணியில் உரசி உரசி முகவாயும் முழங்காலும் தோல் உரிந்திருக்கிறது. தேங்காய் எண்ணெய் தடவினேன்.

நானும் நீலாவும் மாறி மாறிப் பிடித்துக்கொள்கிறோம். பிடித்துக்கொண்டு வேறென்ன செய்வது? பேசுகிறோம். கணக்கு வாத்தியார் கரும்பலகைப் பக்கம் திரும்பும்போது நாங்கள் இலந்தைப்பழம் தின்றது. கொட்டையைத் துப்ப வழியில்லாமல் அவள் விழுங்கிவிட்டு, வயிற்றில் மரம் முளைக்கும் என்று அழுதது. சத்தம் போடாமல் சிரிக்க வேண்டும் என்றால் இன்னும் அதிகமாகச் சிரிப்பு வருகிறது. வாயில் முந்தானையை அடைத்துக்கொண்டு சிரித்தோம். அப்படிச் சிரித்து எத்தனை காலம் ஆயிற்று!

ஆகஸ்ட் 23. ஞாயிறு

மார்பில் பிடித்துக் குடித்தாள்! கொஞ்ச நேரம்தான். நீலா மூச்சுக்கூட விடாமல் உட்கார்ந்திருந்தாள். நான்தான் அழுதேன்.

செப்டம்பர் 3

வீட்டுக்கு அனுப்பியாகிவிட்டது. குழந்தை எடை ஏறுகிறது. நீலாவின் வயிற்று வலிக்கு அமீபாதான் காரணம் என்று டாக்டர் கண்டுபிடித்து அதற்குத் தனி மாத்திரை கொடுக்கிறார். இத்தனை வருஷமும் வைத்தியம் பார்க்க வேண்டியது அதற்குத்தான்.

பவுடரை மொத்தமாக அவள் கையில் கொடுக்கக் கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதனால் ஒவ்வொரு நாளும் பொழுது சாய்வதற்குள் நான் ஒரு பொட்டலம் கொண்டுபோக வேண்டும். வீட்டில் எல்லோருக்கும் அது வயிற்று வலி மருந்து.

செப்டம்பர் 17

இப்போது என் நாள் சாயங்காலம்தான் ஆரம்பிக்கிறது. வேலை முடிந்ததும் குளித்து, புடவை மாற்றி, கடைத்தெருவுக்கு நடக்கிறேன். மண்டி வாசலில் விருஷபதாஸ், "வாங்க நர்சம்மா, உள்ள உங்களத்தான் பாத்துனு இருக்கா" என்பார். அந்த வார்த்தையைக் கேட்கவே ஒரு ஆசை. தர்மவதி அம்மாள் மோர் கொடுப்பார். கருவாடு தின்கிற கைக்கு அந்த வீட்டில் தனி டம்ளர் கிடையாது. இதை நான் எதிர்பார்க்கவில்லை.

நீலா பொட்டலத்தைப் போட்டுக்கொண்டதும் முகம் தெளிந்துவிடும். அப்புறம் பேச்சுதான். எங்களோடு படித்த ஆண்டாள் எங்கே இருக்கிறாள், கோட்டையில் யார் பெயரைச் செதுக்கி உதை வாங்கினோம், மழை நாளில் செட்டிக்குளத்துப் படியில் வழுக்கி விழுந்தது யார். "நீதான்" என்கிறாள், "நீதான்" என்கிறேன் நானும். குழந்தை மடியில் தூங்கும். கதவு தடாலென்று சாத்தினாலும் இப்போதெல்லாம் கொஞ்சம்தான் திடுக்கிடுகிறாள்.

மருந்து பாதிக்கு வந்துவிட்டது.

அக்டோபர் 1

நீலா இன்று எரிந்து விழுந்தாள். "ஏண்டி இவ்ளோ லேட்டு?" லேட்டே இல்லை. வாங்கும்போது கை தட்டி ஒரு சிட்டிகை கீழே சிந்தியது. அதை விரலால் ஒற்றி எடுத்து நக்கினாள். நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். மருந்து குறையும்போது அப்படித்தான் இருக்கும் என்றார் டாக்டர். மூன்று வருஷத்துப் பழக்கம் லேசில் போகுமா?

அக்டோபர் 20

கடைசிப் பொட்டலம். அதில் மருந்து பேருக்குத்தான், மீதி சர்க்கரை. "இனி இல்லடி" என்றேன். "தெரியும், நாலு நாளா சர்க்கரையத்தான் தின்னுனு இருக்கேன்" என்றாள். சிரித்தோம்.

குழந்தைக்கு ரத்னம் என்று பெயர் வைத்திருக்கிறார்கள். என்னைப் பார்த்துச் சிரித்தாள். வாயு என்கிறார் மாமியார். இருக்கட்டுமே.

உண்மையைச் சொல்ல வேண்டும். திரும்பி வரும்போது சந்தோஷத்தோடு ஒரு வருத்தமும் இருந்தது. இனி எதைச் சாக்கு வைத்து அங்கே போவேன்? சாக்கு எதற்கு, அவள் என் சினேகிதி. நாளைக்கும் போவேன்.

அக்டோபர் 29

போனேன். இந்த வாரம் மூன்றாவது தடவை. நீலா சரியாகவே பேசவில்லை. நான் உள்ளே நுழைந்ததும் வியர்க்கிறது, கொட்டாவி விடுகிறாள், எழுந்து எழுந்து உள்ளே போகிறாள். என் கைப்பையையே பார்க்கிறாள். காய்ச்சலா என்று நெற்றியைத் தொட்டேன். கையைத் தட்டிவிட்டாள்.

என்ன கோபம்? நான் என்ன செய்தேன்?

நவம்பர் 6

தீபாவளிக்கு அவர்கள் வீட்டிலிருந்து ஒன்றும் வரவில்லை என்று மனம் நொந்திருந்தேன். கேட்டுவிடுவது என்று இன்று போனேன். மாமியார் கோயிலுக்குப் போயிருந்தார். நீலா தனியாக, குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு இருந்தாள்.

"உனக்கு இன்னாடி ஆச்சி? நேராச் சொல்லு" என்றேன்.

என்னைப் பார்க்காமலே பேசினாள். "நாளெல்லாம் நல்லாத்தான் இருக்கேன் ஞானம். அந்த நெனப்பே வர்றதில்ல. பொழுது சாயற நேரத்துல வாசல்ல உன் செருப்புச் சத்தம் கேக்குது பாரு, ஒடனே நாக்குல கசக்குது. உடம்பெல்லாம் அதக் கேக்குது. போன வாரம் நீ போனதும் சந்தைக்கு ஆள் அனுப்பலாமான்னு நெனச்சேன். அனுப்பல. ஆனா நெனச்சேன்டி."

நான் கைப்பையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டேன்.

"காலையில வரட்டுமா?"

"எப்ப வந்தாலும் நீதானடி. அதே சத்தந்தான்."

அவள் அழுதாள். நானும்தான். குழந்தை இரண்டு பேரையும் மாறி மாறிப் பார்த்தது. உன் மேல் கோபமே இல்லை, நீ இல்லாவிட்டால் இவள் இல்லை என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். எனக்குத் தெரியும். தெரிந்து என்ன? ஒவ்வொரு நாளும் ஆசை ஆசையாக நான் கொண்டுபோய்க் கொடுத்தது அதைத்தானே. அவள் காத்திருந்ததும்—

இல்லை. அப்படி மட்டும் இல்லை. அந்தச் சிரிப்பு பொய் இல்லை.

நவம்பர் 8

பூசைக்குப் போனேன். வேறொன்றும் இல்லை.

நவம்பர் 21. சனி

தர்மவதி அம்மாள் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தடுப்பூசிக்கு வந்தார். கன்னம் இரண்டும் கொழுகொழுவென்று இருக்கிறது. குத்தியதும் வீறிட்டாள், தோளில் போட்டதும் அடங்கிவிட்டாள். "அவ நல்லாக்கீறா நர்சம்மா" என்றார் அம்மாள். யார் என்று நான் கேட்கவில்லை. போகும்போது என் கையைப் பிடித்து அழுத்தினார்.

சாயங்காலம் எண்ணெய் வாங்கக் கடைத்தெருவுக்குப் போக வேண்டியிருந்தது. மண்டி வாசலில் நீலா குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு யாரிடமோ சத்தமாகப் பேசிச் சிரித்துக்கொண்டிருந்தாள். உடம்பு தேறியிருக்கிறது. பார்க்க நன்றாக இருந்தது. கொஞ்ச நேரம் பார்த்தேன். வெயில் இறங்க ஆரம்பித்திருந்தது. அவள் இந்தப் பக்கம் திரும்புவதற்குள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு பக்கத்துச் சந்துக்குள் நுழைந்துவிட்டேன்.